சர்வ் மெதுவாக இருந்தால் என்ன? கோலாலம்பூர் டென்னிஸ் பயிற்றுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கு வணக்கம்.

செந்தூலிலிருந்தும் பிரிக்பீல்ட்ஸிலிருந்தும் மாலை நெரிசலில் நீந்தி வந்து பிள்ளைகளை உங்களிடம் விட்டுச் செல்லும் பெற்றோரில் நானும் ஒருவன். உங்கள் உழைப்பைக் குறை சொல்ல வரவில்லை. சின்னப் பிள்ளைகளை சர்வ் வேகத்தை, அதாவது ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடியின் வேகத்தை, வைத்து எடைபோடுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. அண்மையில் மெலிந்த சிறுமி ஒருத்தி, எதிரே ஓங்கி அடிக்கப்பட்ட பந்தைத் தரையிலிருந்து எழும்பும்போதே மட்டையால் தொட்டு, வலையோரம் குறுக்கே விட்டாள். எதிரே நின்ற பையன் அசையவே இல்லை. பயிற்றுநரோ, "பலமாக அடி!" என்று அதட்டினார்.

இந்திய டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணனின் ஆட்டத்தைப் பார்த்தவர் அப்படி அதட்டியிருப்பாரா? சென்னையில் பிறந்த அவர் 1979இல் பிரெஞ்சு, விம்பிள்டன் ஜூனியர் பட்டங்கள் இரண்டையும் வென்றார். விம்பிள்டன் ஜூனியர் பட்டம் அந்த வீட்டுக்குப் புதிதல்ல. தந்தை ராமநாதன் கிருஷ்ணன் 1954இலேயே வென்றது. தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த பிறகும் ரமேஷின் சர்வ் சாதுவானதுதான். பந்தை முன்கூட்டியே சந்தித்து, எதிராளியின் வேகத்தையே வாங்கி, அவன் இல்லாத இடம் பார்த்துத் திருப்பி அனுப்புவார். அமெரிக்க ஓப்பனில் 1981, 1987 என இரண்டு முறையும், விம்பிள்டனில் 1986இலும் காலிறுதிக்குப் போனது இந்த ஆட்டத்தை வைத்துத்தான். நாடுகள் அணியாக மோதும் டேவிஸ் கோப்பையின் 1987 அரையிறுதியில், சிட்னியில், ஆஸ்திரேலியாவின் வாலி மஸூரை வென்று இந்தியாவை இறுதிக்குக் கொண்டுபோனார். இறுதிப் போட்டியில் சுவீடனிடம் 5-0 என்று தோற்றார்கள் என்பதும் உண்மை. ஆனால் 1989 ஆஸ்திரேலிய ஓப்பன் இரண்டாம் சுற்றில், உலகின் முதல்நிலை ஆட்டக்காரரும் நடப்புச் சாம்பியனுமான சுவீடனின் மாட்ஸ் விலாண்டரை வீட்டுக்கு அனுப்பியவரும் இவரே.

இன்னொன்று. ஜூனியர் பட்டம் வென்றவர், தம் உச்சமான உலகத் தரவரிசை 23ஐத் தொட்டது 1985இல். இடையில் ஐந்து ஆண்டுகளுக்கு மேல். நம் ஊரிலோ இரண்டு போட்டிகளில் முதல் சுற்றில் தோற்றாலே பிள்ளையைக் கடைசிக் கோர்ட்டுக்குத் தள்ளிவிடுகிறோம். (பெற்றோராகிய நாங்களும் சளைத்தவர்கள் அல்லர், பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆண்டு வந்ததும் மட்டையைப் பரணில் ஏற்றிவிடுகிறோம்.)

கேட்பது ஒன்றுதான். அடுத்த முறை பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கும்போது சர்வ் வேகத்தோடு, பந்தை எவ்வளவு சீக்கிரம் சந்திக்கிறார்கள், எங்கே வைக்கிறார்கள் என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். அந்தச் சிறுமியை முதல் கோர்ட்டில் ஒரு மாதம் ஆடவிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
செந்தூலிலிருந்து ஒரு தந்தை