அரையாண்டுத் தேர்வு நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வுகள் நல்லபடியாக முடிந்தன. மதிப்பெண் அட்டைகள் பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பப்படும். குறுவட்ட விளையாட்டுப் போட்டிகளில் நம் மாணவர்கள் பரிசுகள் பெற்றார்கள். அறிவியல் கண்காட்சியும் சிறப்பாக நடந்தது. மழைக்கு ஒழுகிய வகுப்பறைகளின் கூரை சரிசெய்யப்பட்டுவிட்டது. உழைத்த அனைவருக்கும் நன்றி.

இனி, இக்கடிதத்தை எழுத வைத்த செய்திக்கு வருகிறேன்.

சென்ற மாதம் ஒரு வீட்டில் நடந்த பிறந்தநாள் விழாவில், நம் பள்ளியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவர் ஒருவர் நடப்பதையும் பேசுவதையும் சக மாணவர்கள் சிலர் நடித்துக் காட்டியிருக்கிறார்கள். பெரியவர் ஒருவரின் கைபேசியில் அது படம்பிடிக்கப்பட்டு, அன்றிரவே பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவில் பகிரப்பட்டது. அதன் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக வந்தன; எடுத்துவிடுங்கள் என்று எழுதியவர் ஒரே ஒருவர்தாம். அந்த மாணவர் தம் தாயாரின் கைபேசியில் அதைப் பார்த்துவிட்டார். பிறகு சில நாள்கள் அவர் பள்ளிக்கு வரவில்லை. அவர் யார், நடித்தவர்கள் யார் என்று தயவுசெய்து விசாரிக்க வேண்டாம். தெரிந்தவர்களும் அதைப் பற்றிப் பேசாதிருக்க வேண்டுகிறேன்.

பள்ளிக்கு வெளியே நடந்ததில் பள்ளி ஏன் தலையிட வேண்டும் என்று ஒரு பெற்றோர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை சிரித்த பிள்ளைகளும், யாரைப் பார்த்துச் சிரித்தார்களோ அந்தப் பிள்ளையும் திங்கட்கிழமை காலையில் ஒரே வகுப்பறையில்தான் வந்து உட்கார வேண்டியிருக்கிறது.

நடித்தவர்களைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்று வேறு சிலர் கோரினர். நாங்கள் அதைச் செய்யவில்லை. செய்திருந்தால், பாதிக்கப்பட்ட மாணவரையும் சேர்த்து மேடையேற்றியதாகியிருக்கும். மற்றவர்களோ அடுத்த முறை அகப்படாமல் செய்வது எப்படி என்பதைத்தான் கற்றிருப்பார்கள். வகுப்பாசிரியர் அவர்களைத் தனித்தனியே அழைத்துப் பேசினார். கெட்ட பிள்ளைகள் அல்லர். "எல்லாரும் சிரிச்சாங்க சார், அதனால திரும்பத் திரும்பச் செஞ்சோம்" என்று அவர்களில் ஒருவர் சொன்னார். சிரித்தவர்களில் பெரியவர்களும் இருந்தார்கள் என்பதால்தான் இக்கடிதம் மாணவர்களுக்கு அல்லாமல் உங்களுக்கு வருகிறது.

பிள்ளைகளை ஏதேனும் ஒரு மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு அழைத்துச் சென்று காட்டினால் இரக்கம் பிறக்கும் என்ற யோசனையும் நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்டது. ஒருவருடைய வாழ்க்கையை வேடிக்கை பார்க்க வைத்து இரக்கத்தைக் கற்பிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்குப் பதிலாக, 1975இல் கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின்போது முதுகுத்தண்டில் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே இயக்கத்தை இழந்த ராமகிருஷ்ணன், தம் சொந்த ஊரான ஆயிக்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கம் எப்படி வளர்ந்தது என்பதை நன்னெறி வகுப்பில் ஆசிரியர்கள் எடுத்துரைப்பார்கள். பார்வையற்றோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகள் தோன்றிய பாளையங்கோட்டை நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதையும் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்கு ஈரநெஞ்சம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்ற செந்தூர் விரைவு ரயிலின் பயணிகளுக்கு, தங்களைச் சுற்றிலும் தண்ணீர் நின்ற நிலையிலும் புதுக்குடி ஊர்மக்கள் சமைத்துக் கொடுத்தார்களே, அந்த மண்ணின் பிள்ளைகள்தாம் இவர்கள். வெள்ளம் வந்தால் கைகொடுக்க இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நண்பர்கள் கூடிச் சிரிக்கும்போது அதில் சேராமல் இருப்பதுதான் கடினம். அடுத்த கேலி தன் மேல் திரும்பிவிடுமோ என்ற பயம் பிள்ளைக்கு இருக்கும். எனவே, இரக்கம் காட்டு என்று பொதுவாகச் சொல்வதோடு நிறுத்தாமல், என்ன செய்யலாம் என்பதையே சொல்லிக்கொடுங்கள்: பேச்சை மாற்றலாம், கேலிக்கு ஆளானவர் அருகில் போய் உட்காரலாம், பிறகு ஆசிரியரிடம் வந்து சொல்லலாம். அது கோள் சொல்வது ஆகாது என்பதையும் வீட்டில் தெளிவுபடுத்துங்கள்.

பட்டப்பெயர் இல்லாத தெரு நம் பக்கத்தில் இல்லை என்பதை நானும் அறிவேன். அதில் பாசமும் உண்டு. ஆனால் நிறத்தையோ, உடலையோ, வீட்டார் செய்யும் தொழிலையோ, சாதியையோ வைத்து ஒரு பிள்ளையை அழைப்பதில் பாசம் எதுவும் இல்லை. காது சரியாகக் கேட்காத ஆச்சி பொருந்தாத பதில் சொல்லும்போது வீடே சிரித்தால், பக்கத்தில் இருக்கும் பிள்ளையும் சேர்ந்துதான் சிரிக்கும். ஆட்டோ ஓட்டுநரையும் தூய்மைப் பணியாளரையும் நாம் ஒருமையில் அழைத்துவிட்டு, பள்ளியில் மட்டும் பிள்ளைகள் மரியாதையாகப் பேச வேண்டும் என்றால் நடக்காது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லியாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 92ஆம் பிரிவின்படி, பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் மாற்றுத்திறனாளி ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவது ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றமாகும். அந்தக் காணொளியை வைத்திருப்பவர்கள் இன்றே அழித்துவிட வேண்டும். இனி எந்த மாணவரையும் கேலி செய்யும் படமோ குரல்பதிவோ பரவினால், பகிர்ந்த பெற்றோரை நேரில் அழைத்து விளக்கம் கேட்போம்; தேவைப்பட்டால் காவல்துறையிடமும் தெரிவிப்போம். தன் பிள்ளை கேலிக்கு ஆளாகிறது என்று கருதுபவர்கள் என்னை நேரில் சந்திக்கலாம்; 14417 என்ற கல்வி உதவி எண்ணையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

இவ்வளவும் எழுதியது யாரையும் குற்றவாளியாக்க அல்ல. செய்தி கிடைத்த மறுநாளே தாமாக வந்து பேசிய பெற்றோர்களுக்கும், குழுவில் தனியாளாக மறுத்து எழுதியவருக்கும் பள்ளியின் நன்றி. அந்த மாணவர் மீண்டும் வகுப்புக்கு வருகிறார். அவரை அழைத்துவர நாள்தோறும் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கும் பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனியாக நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். விடுமுறைக்குப் பின் வகுப்புவாரியாகப் பெற்றோர் கூட்டம் நடைபெறும். நாளும் நேரமும் மாணவர் நாட்குறிப்பில் எழுதியனுப்பப்படும்; தாய், தந்தை இருவரும் வர இயன்றால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்