அணைத்து வைத்த எச்சரிக்கை யாரைக் காப்பாற்றும்?

வாகனங்களை வடிவமைக்கும் பொறியாளர்களுக்கும், ஜெனீவாவில் கூடி வாகன விதிமுறைகளை வகுக்கும் ஐ.நா. உலக மன்றத்தின் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

தானியங்கிப் பாதுகாப்பு வசதிகளைக் குறைசொல்லி, பழைய வண்டிகளே மேல் என்று புலம்பும் மடலாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட எனக்கு அந்த வசதிகளின் அருமை தெரியும். தெரிந்ததால்தான், ஓட்டுநர்கள் அவற்றை ஒவ்வொன்றாக அணைத்து வைப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. பாதுகாப்பு வேறு, ஓட்டுநரின் வசதி வேறு, முன்னதற்காகப் பின்னதைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போயிற்று என்ற எண்ணம் இன்றைய வண்டிகள் பலவற்றில் தெரிகிறது. அது தவறான எண்ணம். ஓட்டுநரை நச்சரிக்கும் வசதி நெடுநாள் வேலை செய்யாது. அதை நிறுத்தும் வழியும் அவர் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

நனைந்த சாலையில் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்கும்போது, சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல், காலடியில் பெடல் தடதடவென்று அதிர, வண்டி நாம் திருப்பிய பக்கம் திரும்புகிறது அல்லவா? பாஷ் நிறுவனம் உருவாக்கிய அந்த மின்னணு ஏபிஎஸ் 1978இல் மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் கிளாஸ் கார்களில் வந்தது. 1995இல் அதே இரு நிறுவனங்களும் நிலைத்தன்மைக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தன. வளைவில் வண்டி சறுக்கத் தொடங்கிய கணமே, எந்தச் சக்கரத்துக்குத் தேவையோ அதற்கு மட்டும் பிரேக் போட்டு, ஓட்டுநர் எண்ணிய திசைக்கே அது வண்டியைக் கொண்டுவருகிறது. மோதல் நேர்ந்தால் ஏர்பேக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் விரிந்துவிடுகிறது. வேலை வரும்வரை வாய் திறக்காததுதான் இந்த மூன்றின் பொதுக்குணம். டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு மின்னும், அவ்வளவுதான். எரிச்சல் தாங்காமல் ஏபிஎஸ்ஸைப் பிடுங்கிப் போட்ட ஓட்டுநர் எவரையும் நான் கண்டதில்லை.

அடுத்து வந்தவற்றுக்கு அந்த அடக்கம் வாய்க்கவில்லை. தடம் மாறினால் ஓர் ஒலி, வேகவரம்பைத் தாண்டினால் ஓர் ஒலி, பக்கவாட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் அதிகநேரம் பார்த்தால் ‘சாலையைக் கவனிக்கவும்’ என்று ஓர் ஒலி. எது எதற்கென்று பிரித்தறியவே சில நொடிகள் போய்விடுகின்றன. உண்மையான ஆபத்து வரும்போதும் அதே சுருதியில் இன்னொரு ஒலி கேட்டால், அதைத் தனியாக இனங்காண ஓட்டுநருக்கு நேரம் ஏது?

எரிச்சலுக்குக் கொடுக்கும் விலை என்ன என்பதை உங்கள் துறை முன்பே ஒருமுறை பார்த்திருக்கிறது. மூன்று முனை சீட் பெல்ட்டை 1959இல் வால்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் கொடுத்தார். எல்லா நிறுவனங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ளும்படி காப்புரிமையை வால்வோ திறந்துவிட்டது. உயிர்காக்கும் பொருள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. ஆனால் அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு மாடல் கார்களில், முன்னிருக்கையில் இருப்பவர்கள் பெல்ட் போடாவிட்டால் எஞ்சினே இயங்காது என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். பக்கத்து இருக்கையில் ஒரு கனமான பையை வைத்தாலும் அங்கே ஆள் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு வண்டி கிளம்ப மறுத்தது. மக்கள் கொதித்தார்கள். அந்த அக்டோபரிலேயே சட்டம் வந்தது: இத்தகைய பூட்டை இனி அரசு கட்டாயமாக்கக் கூடாது, பெல்ட் எச்சரிக்கை 8 நொடிக்கு மேல் ஒலிக்க வேண்டும் என்றும் விதி வைக்கக் கூடாது. அந்தக் கட்டு 2012இல்தான் தளர்ந்தது. நல்ல நோக்கத்தோடு செய்த ஒரு முரட்டு வடிவமைப்பு, நல்ல விதிகளுக்கான கதவை 38 ஆண்டுகள் அடைத்து வைத்தது. பெல்ட் போட மறுத்தவர்களின் பிடிவாதம் என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தக் கோபத்தை மூட்டிவிட்டது ஒரு பையையும் மனிதரையும் பிரித்தறியாத சென்சார்.

இன்றைய நிலைக்கும் சான்று இருக்கிறது. ஐஐஎச்எஸ் என்னும் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனங்களின் ஆய்வு அமைப்பு, சர்வீசுக்கு வந்த கார்களில் எந்தெந்த வசதி இயக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து 2017இல் வெளியிட்டது. முன்பக்க மோதலைத் தடுக்கும் வசதியை 93 விழுக்காடு கார்களில் அப்படியே விட்டிருந்தார்கள். வண்டி தன் தடத்தை விட்டு விலகினால் எச்சரித்தோ ஸ்டீயரிங்கைத் திருப்பியோ தடம் காக்கும் வசதி ஏறக்குறைய பாதிக் கார்களில்தான், அதாவது 51 விழுக்காட்டில்தான், இயக்கத்தில் இருந்தது. இரண்டும் ஒரே ஆய்வில் பார்த்த கார்கள்தான். அவர்கள் பாதுகாப்பை வெறுப்பவர்கள் என்றால் இரண்டையும் அல்லவா அணைத்திருக்க வேண்டும்? அரிதாகப் பேசி, பேசும்போது பெரும்பாலும் சரியாகப் பேசுவதை வைத்துக்கொண்டார்கள். ஓயாமல் பேசியதை நிறுத்தினார்கள். பின்பக்க மோதல்களைத் தானியங்கி அவசர பிரேக் ஏறக்குறைய பாதியாகக் குறைக்கிறது என்று அதே அமைப்பு கண்டிருக்கிறது. அந்தப் பலன் கிடைத்ததற்கு, ஓட்டுநர்கள் அதை அணைக்காமல் விட்டதும் ஒரு காரணம்.

தடம் காக்கும் வசதியை ஏன் அணைக்கிறார்கள் என்பதை, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். குறுகலான இருவழிச் சாலை. முன்னால் ஓரமாக ஒருவர் சைக்கிள் மிதித்துப் போகிறார். எதிரே வண்டி வரவில்லை. அவருக்குத் தாராளமாக இடம் விட்டு, நடுக்கோட்டை ஒரு முழம் தாண்டி ஒதுங்குகிறேன். உடனே ஸ்டீயரிங் என் கைகளை எதிர்த்து இழுக்கிறது. எந்தப் பக்கம்? சைக்கிள்காரரின் பக்கம். பெரிய இழுப்பு இல்லைதான், சற்று அழுத்திப் பிடித்தால் அடங்கிவிடும். ஆனால் அந்த அரை நொடியில் என் கவனம் அவர் மீதிருந்து என் கைகளுக்குப் போய்விட்டது. கேமராவுக்குத் தெரிந்தது வெள்ளைக்கோடு. பக்கத்தில் ஒரு மனிதர் இருப்பது அதன் கணக்கில் வரவில்லை. இண்டிகேட்டர் போட்டிருந்தால் இழுத்திருக்காது என்பீர்கள். இந்த அளவு ஒதுங்குவதற்குச் சாலையில் எத்தனை பேர் இண்டிகேட்டர் போடுகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்துவிட்டு வடிவமையுங்கள். மனிதர்கள் உண்மையில் எப்படி ஓட்டுகிறார்களோ அதிலிருந்து தொடங்க வேண்டும்.

வேக எச்சரிக்கைக்கு வருகிறேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 ஜூலை முதல் புதிதாகப் பதிவாகும் எல்லாக் கார்களிலும் இது கட்டாயம். அணைக்கலாம், ஆனால் வண்டியை மறுபடி இயக்கும்போது தானாக உயிர்பெற்றுவிடும். இந்த விதியை எடுத்துவிடுங்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. வேகம் கொல்கிறது என்பதை ஒரு ஓட்டுநருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் பக்கத்தில் ஓடும் கிளைச்சாலையின் பலகையைப் படித்துவிட்டு, நெடுஞ்சாலையில் போகும் என்னிடம் 40க்கு மேல் போகாதே என்று கூவும் கேமராவை என்ன செய்வது? முன்னால் போகும் லாரியின் முதுகில் ஒட்டிய வேக எண்ணைச் சாலையின் வரம்பு என்று எடுத்துக்கொள்வதை என்ன செய்வது? தினமும் வண்டியைக் கிளப்பியதும், சீட் பெல்ட் போடும் கையோடு அந்த எச்சரிக்கையை அணைப்பது பல ஓட்டுநர்களுக்கு அனிச்சைச் செயலாகிவிட்டது. அதற்கென்றே சில நிறுவனங்கள் குறுக்குவழிப் பொத்தானும் வைத்துக் கொடுக்கின்றன. விதியின் எழுத்து நிறைவேறுகிறது, சாலையில் ஒன்றும் மாறவில்லை. இத்தனைக்கும் ஒலி எழுப்புவது ஒன்றே வழி என்று அந்த விதி சொல்லவில்லை. ஆக்சிலரேட்டர் பெடல் காலை மெல்ல எதிர்த்துத் தள்ளும்படி செய்யவும், வேகத்தை இதமாகக் குறைக்கவும் இடம் தருகிறது. அந்தத் தள்ளல் ஓட்டுநருக்கு மட்டுமே தெரியும், பின்னிருக்கையில் தூங்கும் குழந்தை விழிக்காது. பல நிறுவனங்கள் மலிவான ஒலியைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று விதி எழுதியவர்கள் அவர்களிடம் கேட்க வேண்டும்.

இந்த வசதிகளை மாற்றியமைக்க வேண்டுமானால் தொடுதிரைக்குள் போக வேண்டும். பட்டியலுக்குள் பட்டியல், அதற்குள் இன்னொன்று, விரல் பட்டும் படாமலும் இருக்கும் ஒரு சின்னச் சதுரம். சுவீடனின் வாகன இதழ் ஒன்று 2022இல் இதை அளந்து பார்த்தது. 110 கி.மீ. வேகத்தில் ஓட்டிக்கொண்டே வெப்பத்தை மாற்றுவது, வானொலி நிலையத்தைத் தேடுவது போன்ற நான்கு வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் உள்ள 2005ஆம் ஆண்டுக் கார் ஒன்றில் அவற்றுக்கு 10 நொடி பிடித்தது. அதற்குள் வண்டி 306 மீட்டர் ஓடியிருந்தது. மிக மோசமான தொடுதிரைக் காரில் 44.9 நொடி, 1,372 மீட்டர். இப்போது, புதுக் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் முழு மதிப்பெண் வேண்டுமென்றால் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர், அபாய விளக்கு, அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் தொட்டுணரக்கூடிய தனிக் கட்டுப்பாடு வேண்டும் என்று கேட்கிறது. மனமார வரவேற்கிறேன். பாதுகாப்பு வசதிகளின் சுவிட்சுகளையும் அந்தப் பட்டியலில் சேருங்கள். ஓட்டுநர் தவறான எச்சரிக்கையை நிறுத்த முயன்று சாலையைப் பார்க்காமல் இருக்கும் நொடிகள், அந்த எச்சரிக்கை தர வந்த பாதுகாப்பையும் சேர்த்துப் பறித்துக்கொள்கின்றன.

இவ்வளவு பேசும் வண்டி, பேச வேண்டிய ஓரிடத்தில் மௌனமாக இருக்கிறது. தன் கண் மங்கியிருப்பதை அது தெளிவாகச் சொல்வதில்லை. தாழ்ந்த சூரியன் நேரே அடித்தால் கேமரா தடுமாறும். அதிவேகத்தில் முன்வண்டியைத் தொடரும் ரேடார் அமைப்புகள் பல, சாலையில் அசையாமல் நிற்கும் பொருள்களைப் பொருட்படுத்தாமல் விடுகின்றன. பாலமும் பெயர்ப்பலகையும் எதிரொலிப்பதற்கெல்லாம் பிரேக் போடக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. காரணம் நியாயமானது. ஆனால் பழுதாகி நிற்கும் லாரியும் அந்தக் கணக்கில் விழுந்துவிடலாம் என்பது, கையேட்டின் நடுவில் பொடி எழுத்தில் கிடக்கிறது. பாதசாரிகளைக் கண்டு பிரேக் போடும் வசதி, அவர்கள் மீது மோதும் விபத்துகளை 27 விழுக்காடு குறைக்கிறது என்று ஐஐஎச்எஸ் 2022இல் சொன்னது. விளக்கில்லாத இருட்டுச் சாலையில் பலன் எதுவும் தெரியவில்லை என்றும் அதே ஆய்வு சொன்னது. இரவில் சாலையைக் கடக்கும் மனிதருக்குத்தான் அந்த வசதி மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. அமெரிக்கா 2024இல் வெளியிட்ட விதி, இருட்டிலும் பாதசாரியைக் கண்டறிய வேண்டும் என்று கேட்டது. மற்ற விதிகளும் அதையே கேட்கட்டும். அதுவரை, ‘இந்த வெளிச்சத்தில் எனக்குத் தெரியவில்லை, நீ பார்த்துக்கொள்’ என்று ஓட்டுநருக்குச் சொல்லும் ஒரு விளக்காவது எரியட்டும்.

பெயர்க் குழப்பத்தையும் சொல்லாமல் விடமுடியாது. தானியங்கி அவசர பிரேக் ஒன்றுக்கே நிறுவனங்கள் 40 வெவ்வேறு பெயர்கள் வைத்திருப்பதாக அமெரிக்க மோட்டார் சங்கமான ஏஏஏ 2019இல் கண்டறிந்தது. வேறு வேறு வண்டிகளை ஓட்ட நேரும் என்னைப் போன்றவர்களுக்கு, இந்த வண்டி தானாக பிரேக் போடுமா, வெறுமனே எச்சரிக்குமா என்பதே சாவியை வாங்கும்போது தெரிவதில்லை. சில பெயர்கள் வண்டி தானாகவே ஓடிவிடும் என்று நினைக்க வைக்கின்றன. ஆனால் தானியங்கி ஓட்டத்தைப் படிநிலைகளாகப் பிரித்த எஸ்ஏஇ என்னும் பொறியாளர் சங்கம் வகுத்த இரண்டாம் நிலையில், அதாவது ஸ்டீயரிங்கையும் வேகத்தையும் வண்டி கவனித்துக்கொண்டாலும் பொறுப்பு ஓட்டுநரிடமே இருக்கும் நிலையில், ஓட்டுநர் ஒரு நொடியும் கண்ணை எடுக்கக் கூடாது. எதுவும் செய்யாமல் வெறுமனே கண்காணிக்கும் வேலை மனிதருக்கு வராது என்பது 1948லேயே தெரிந்துவிட்டது. கடிகார முள் போன்ற ஒன்று அவ்வப்போது இருமடங்கு குதிப்பதைக் கண்டுசொல்லும்படி உளவியலாளர் நார்மன் மாக்வொர்த் ஆட்களை உட்காரவைத்தார். முதல் அரைமணி நேரத்துக்குள்ளேயே அவர்கள் குதிப்புகளைத் தவறவிடத் தொடங்கினார்கள். கையும் காலும் சும்மா இருக்க, கண் மட்டும் மணிக்கணக்கில் விழித்திருக்க வேண்டும் என்று எங்களிடம் கேட்பவர்கள் அந்தச் சோதனையை எடுத்துப் படிக்க வேண்டும்.

வண்டி பழசான பின் என்ன ஆகிறது என்பதையும் யோசியுங்கள். முன்கண்ணாடியை மாற்றினால் அதன் பின்னால் உள்ள கேமராவை மறுபடி அளந்து சீராக்க வேண்டும். பம்பரில் அடிபட்டால் ரேடாரின் கோணம் விலகியிருக்கலாம். எல்லாப் பட்டறையிலும் அதற்கான கருவி இல்லை. சீராக்காத வண்டி சாலைக்கு வந்தால், அதை ஓட்டுபவருக்கு அது தெரிந்தாக வேண்டும். தேவையான அளவுகளைப் பட்டறைகளிடமிருந்து ஒளித்து வைக்காதீர்கள்.

என் கோரிக்கைக்கான விதை உங்கள் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. கனரக வாகனங்களின் அவசர பிரேக்குக்கான 131ஆம் ஐ.நா. விதியில் ஒரு சோதனை உண்டு. இரண்டு கார்களை நிறுத்திவைத்து, அவற்றுக்கு நடுவே 50 கி.மீ. வேகத்தில் வண்டியை ஓட்டிப் போக வேண்டும். வழி விட்டிருக்கும்போது அது எச்சரிக்கவும் கூடாது, பிரேக் போடவும் கூடாது. பேசக் கூடாத இடத்தில் பேசாமல் இருப்பதற்கும் தேர்வு வைத்தார்கள். தடம், வேகம், கவனம், பின்னோக்கி எடுத்தல் என்று எல்லா எச்சரிக்கைகளுக்கும் அந்தத் தேர்வை விரிவாக்குங்கள். அதைச் சோதனைத் தளத்தோடு நிறுத்தாமல், கோடு அழிந்த சாலையிலும், மழையிலும், சைக்கிள்களுக்கு நடுவிலும் ஓட்டிப் பாருங்கள். ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை வீண் எச்சரிக்கை என்று எண்ணி, அந்த எண்ணை நட்சத்திர மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே அச்சிடுங்கள். விற்ற வண்டிகளில் எந்த வசதியை எத்தனை பேர் அணைத்து வைத்திருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிடும்படி நிறுவனங்களுக்கு விதியுங்கள். இணையத்தோடு இணைந்த வண்டிகளில் அந்தக் கணக்கை எடுப்பது கடினமான வேலை இல்லை.

இப்படிக்கு,
வாகனம் ஓட்டுவதைத் தொழிலாகக் கொண்ட ஒருவர்