ராஜினாமா மட்டும் எழுத வேண்டாம்

செபெராங் ஜெயா,
ஞாயிறு காலை

அன்புத் தோழி,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. போனில் பேசினால் நீ அழுகிறாய், உடனே நானும் அழுகிறேன், சொல்ல வேண்டிய கணக்கெல்லாம் விட்டுப்போகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணன் கம்பெனியில் ஆட்குறைப்பு என்று மேனேஜர் கூப்பிட்டுப் பேசியதைப் பற்றித்தான். படித்துவிட்டு அண்ணன் கையில், அதான் உன் வீட்டுக்காரர் கையில் கொடு. அவர் படிக்க வேண்டும்.

மற்றதெல்லாம் அப்புறம், இதுதான் முதலில்: அண்ணன் ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுக்கக் கூடாது. "ஆட்குறைப்பில் போனவர் என்ற பேர் எதற்கு, நீங்களே விலகிக்கொள்ளுங்கள், நல்ல சான்றுக் கடிதம் தருகிறேன்" என்று அந்த மேனேஜர் எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் கூடாது. அண்ணனுடைய குணம் எனக்குத் தெரியும். போகச் சொல்லி ஒருவன் வாய் திறப்பதற்கு முன்னால் தானே எழுந்து போகிற மனுஷன். அந்த ரோஷத்துக்கு இப்போது விலை 60,800 வெள்ளி (ரிங்கிட்). அதற்கு மேலும் இருக்கிறது, கீழே எழுதுகிறேன்.

எங்கள் தொழிற்சாலை லைனில் ஒரு டெக்னீஷியன் இருந்தார், சுங்கை பாக்காப் பக்கம். 16 வருஷ சர்வீஸ். எங்கள் ஆட்குறைப்புப் பட்டியல் வருவதற்கு மூன்று மாதம் முன்னால் அவரை இதே மாதிரி தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். அவர் அன்று சாயங்காலமே இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டார், 'சொந்தக் காரணங்களுக்காக' என்று. நான் சம்பளப் பிரிவில் இருந்ததால் அந்தக் கடிதம் என் மேசைக்குத்தான் வந்தது. தானாக விலகியவருக்கு ஆட்குறைப்பு இழப்பீடு கிடையாது. சொக்சோவின், அதாவது தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின், வேலை காப்புறுதியும் கிடையாது. எட்டு வாரம் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டியதும் அவர்தான். கணக்கு முடித்து அவர் கையில் போனது அந்த மாதச் சம்பளமும் எடுக்காத லீவுக்கான காசும்தான். நான் அன்றைக்கே அவரைத் தடுத்திருக்கலாம். 'நம் வேலையா அது' என்று வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது. அதனால்தான் உன்னிடம் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் வேலை போனதை உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 1998இல், ரிங்கிட்டை டாலருக்கு 3.80 என்று கட்டிப்போட்ட வருஷத்தில், நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ஊரெல்லாம் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தபோது எனக்கு வேலை கிடைத்தது. அப்புறம் சம்பளப் பிரிவுக்கு வந்தேன். 2009இல் போனவர்களுக்கும் கோவிட் சமயத்தில் போனவர்களுக்கும் கணக்குப் போட்டவள் நான்தான். போன வருஷம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது தலைமை அலுவலகத்திலிருந்து 43 பேர் பட்டியல் வந்தது. கூட்டிச் சரிபார்க்கச் சொன்னார்கள். கூட்டினேன். அடியில் போட்டிருந்த மொத்தத்தோடு ஒத்துவரவில்லை. மறுபடியும் கூட்டினேன். வித்தியாசம் 63,912 வெள்ளி 33 காசு. யாரையோ விட்டுவிட்டார்கள் போல என்று நினைத்து, அந்தத் தொகை யாருடையதாக இருக்கும் என்று பிரித்துப் பார்த்தேன். மாதம் 3,600, வருஷத்துக்கு 43,200, அதை 365ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 118 வெள்ளி சொச்சம். வருஷத்துக்கு 20 நாள் வீதம் 27 வருஷம், 540 நாள். அது என் சம்பளம். என் வரியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பியிருக்கிறார்கள், மொத்தத்தை மாற்ற மறந்துவிட்டார்கள்.

பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். திரும்பி வந்து மற்ற 43 பேருக்கும் கணக்கை முடித்தேன். ஒரு பெண்ணுக்கு ஒரு வருஷ சர்வீஸைக் குறைத்துப் போட்டிருந்தார்கள், அதையும் திருத்தினேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் பினாங்குப் பாலத்தைத் தாண்டும்போதுதான் கண்ணீர் வந்தது. அழுதேன், ஆனால் கணக்கில் ஒரு காசு விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

சரி, இப்போது அண்ணன் கணக்கு. 19 வருஷம், 3,200 சம்பளம். ஆட்குறைப்பு என்றால் சட்டப்படி, அதாவது 1980ஆம் வருஷத்து விதிகள்படி, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம். அவருக்கு 380 நாள். ஒரு நாளுக்கு 105 வெள்ளி சொச்சம் வரும், ஆகக்கூடி ஏறக்குறைய 40,000. வீ.எஸ்.எஸ்., அதாவது தானாக விலக முன்வருகிறவருக்குக் கம்பெனி பணம் தரும் திட்டம், அந்தப் பாரத்தில் எழுதியிருப்பது வருஷத்துக்கு ஒரு மாதம், அதாவது 60,800. ஆகவே வீ.எஸ்.எஸ். மோசமில்லை. வேண்டாம் என்று உட்கார்ந்திருந்து, நாலு மாதம் கழித்து அவர்களே நிறுத்தினால் 40,000தான் என்று ஆகலாம். என்னைக் கேட்டால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் கடிதத்தில் 'நிறுவனத்தின் விருப்பப் பணிவிலகல் திட்டத்தின் கீழ்' என்று தெளிவாக எழுதியிருக்க வேண்டும். 'சொந்தக் காரணம்' என்ற வார்த்தை எங்கேயும் வரக் கூடாது. எடுக்காத லீவுக்கு எவ்வளவு, பணம் எந்தத் தேதியில் வங்கிக்கு வரும் என்பதும் எழுத்தில் வேண்டும். வாயால் சொன்னதை நம்ப வேண்டாம்.

அப்புறம் சொக்சோ. 2018 ஜனவரியிலிருந்து மாதா மாதம் சம்பளத்தில் 0.2 விழுக்காடு பிடிக்கிறார்களே, சம்பளச் சீட்டில் ஏழு வெள்ளிக்கும் குறைவாக ஒரு சின்ன வரி இருக்கும், யாரும் கவனிப்பதில்லை. அதுதான் வேலை காப்புறுதி. வீ.எஸ்.எஸ்.ஸில் போனவருக்கும் உண்டு. வேலை போன நாளிலிருந்து 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாவது மாதம் 50, அடுத்த இரண்டு மாதம் 40, கடைசி இரண்டு மாதம் 30. ஒழுங்காகக் கட்டி வந்தவருக்கு ஆறு மாதம் வரை. அண்ணனுக்கு முதல் மாதம் 2,560 வெள்ளி வரும், ஆறு மாதமும் சேர்த்தால் 8,640. நடுவில் வேலை கிடைத்துவிட்டால் மிச்சத்தில் கால்வாசியைத் தருவார்கள். எனக்கு அப்படி 1,260 வெள்ளி கிடைத்தது. இது தர்மக் காசு இல்லை என்று அண்ணனிடம் சொல். எட்டு வருஷமாக அவர் கட்டிய காசு.

பணம் வந்ததும் காடி (கார்) கடனை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்கிறாய். வேண்டாம். உங்களுடைய மாதிரி பழைய வாடகைக் கொள்முதல் கடனில் வட்டியின் பெரும்பகுதியை முதல் வருஷங்களிலேயே எடுத்துக்கொண்டுவிடுவார்கள். நீங்கள் ஐந்து வருஷம் கட்டி முடித்துவிட்டீர்கள், இப்போது அடைத்தால் மிச்சமாவது கொஞ்சம்தான். கையில் இருக்கிற ரொக்கம் மட்டும் போய்விடும். அதைவிட கிரெடிட் கார்டை அடை. பாக்கி வைத்தால் வருஷத்துக்கு 18 விழுக்காடு வரை ஏறுகிறது, அந்த 7,000 வெள்ளியை முதல் நாளே கட்டிவிடு. வீட்டுக் கடனுக்கு மூச்சு முட்டினால் தவணை தவறுவதற்கு முன்னாலேயே வங்கியில் போய்ப் பேசு. ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனம் இருக்கிறது, மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006இல் ஆரம்பித்தது, கடனை மறுசீரமைக்க வழி சொல்வார்கள், காசு வாங்க மாட்டார்கள். நான் போய்ப் பேசியிருக்கிறேன், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆலோங், அந்தக் கள்ள வட்டிக்காரன் பக்கம் மட்டும் யாரும் தலைவைத்துப் படுக்கக் கூடாது. வளையலை அடகு வைத்தால்கூட மாதம் 2 விழுக்காடுதான், சீட்டு கையில் இருக்கும், ஆறு மாதத்துக்குள் மீட்டுக்கொள்ளலாம்.

இ.பி.எஃப்.பை, தொழிலாளர் சேமநிதியை, தொட வேண்டாம். அண்ணனுக்கு 52 ஆகிறது, 50 வயதுக்கு எடுக்கலாம் என்று யாரோ சொன்னதாகச் சொன்னாய். எடுக்கலாம்தான். ஆனால் 2024க்கு 6.3 விழுக்காடு இலாப ஈவு கொடுத்தார்கள், அந்த அளவுக்கு எந்த வங்கியும் சேமிப்புக்குக் கொடுக்காது. கோவிட் சமயத்தில் நாம் இரண்டு பேரும் ஐ-சித்ரா திட்டத்தில் சேமநிதியிலிருந்து 5,000 எடுத்தோமே, ஞாபகம் இருக்கிறதா? என் 5,000 எதற்குப் போனது என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அவசரத்துக்கு வேண்டுமானால் சேமநிதியில் நினைத்தபோது எடுக்கக்கூடிய கணக்கான அக்காவுன் ஃபிளெக்சிபலில் இருப்பதை மட்டும் எடுங்கள்.

உன் கொழுந்தன் சொல்கிற லோரி வியாபாரத்தைப் பற்றி எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன். முதல் ஆறு மாதம் அந்தப் பணத்தில் எந்தப் பங்கும் வேண்டாம். பையன் நல்லவன்தான், ஆனால் கையில் காசு வந்திருக்கிறது என்று தெரிந்த நேரத்தில் வருகிற யோசனைகளை நான் நம்புவதில்லை.

மறந்துவிடப் போகிறேன், மருத்துவ அட்டை. கம்பெனி அட்டை கடைசி வேலை நாளோடு செத்துவிடும். அண்ணனுடைய சர்க்கரை மாத்திரைக்கு இப்போதே அரசாங்கக் கிளினிக்கில் பதிந்துவிடு, ஒரு வெள்ளிதான். கடைசி வாரம் வரை காத்திருக்காதே.

பிள்ளைகளிடம் சொல்லவில்லை என்றாயே, அதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பெரியவளுக்கு 22 வயது. அவளுக்கு இது தெரிய வேண்டாமா? தோட்டத்தில் எங்கள் அப்பா சம்பள நாளில் என்ன செய்வார் என்று நீயே பார்த்திருக்கிறாய். பாயில் உட்கார்ந்து காசைப் பரப்புவார். இது கடைக்கு, இது பள்ளிக்கூடத்துக்கு, இது கோவிலுக்கு. நாங்கள் நாலு பேரும் சுற்றி உட்கார்ந்திருப்போம். நாங்கள் பிறப்பதற்கு முன்னால் அதில் இன்னொரு பங்கும் இருந்ததாம், மாதம் 10 வெள்ளி. வெள்ளைக்காரத் துரைகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலம் அது. வேலை போனால் குடியிருக்கிற லயத்து வீடும் போகும். 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்து, தொழிலாளிகளே காசு சேர்த்துத் தோட்டம் வாங்கலாம் என்றபோது அப்பாவும் சேர்ந்தார். நம் பக்கத்துக் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைத்தான் அந்தச் சங்கம் முதலில் வாங்கியது. அந்தப் பங்குச் சான்றிதழ் மஞ்சளடித்துப்போய் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. எங்கள் வீட்டில் பற்றாக்குறை எப்போதும் உண்டு. அதை யாரும் யாரிடமும் மறைத்ததில்லை.

நானும் முதல் ஒரு மாதம் வெளியே சொல்லவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் லீவு என்றேன். அந்த ஒரு மாதத்தில் எனக்கு ஒரு வழியும் திறக்கவில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தேன். கூட நின்ற அம்மா, "எங்கம்மா வேலை?" என்று கேட்டார். "டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள்" என்றேன். கையில் மோர்க் கரண்டியோடு, அத்தனை கூட்டத்தில், அதுதான் முதல் தடவை சத்தமாகச் சொன்னது. அவர் ஒன்றும் அதிர்ச்சி அடையவில்லை. "என்ன வேலை தெரியும்?" என்று அடுத்த கேள்வி கேட்டார். அவருடைய தம்பி புக்கிட் மெர்தாஜாமில் வன்பொருள் கடை வைத்திருக்கிறார், கணக்கு எழுத ஆள் வேண்டுமாம். மார்ச்சில் சேர்ந்தேன். 2,500தான், முன்னைவிட 1,100 குறைவு. மாதக் கூட்டுச் சீட்டு கட்டுவதை நிறுத்தினேன், இரண்டாவது காடியை விற்றோம். சமாளிக்க முடிகிறது. இ.பி.எஃப். மறுபடியும் ஏறுகிறது.

அண்ணனுக்கு லோரிக்காரர்கள், கிடங்குக்காரர்கள் எத்தனை பேரைத் தெரியும்! கிள்ளானில் அவர் போன் பண்ணினால் எடுக்காத ஆள் உண்டா? அவர் சொன்னால்தானே அவர்களுக்குத் தெரியும்.

சனிக்கிழமை காலை ரயிலில் பட்டர்வொர்த்திலிருந்து வருகிறேன், டிக்கெட் எடுத்துவிட்டேன். கே.எல். சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து செந்தூலுக்கு நானே வந்துவிடுவேன், யாரும் வர வேண்டாம். அண்ணனுடைய நியமனக் கடிதம், கடைசி ஆறு மாதச் சம்பளச் சீட்டு, வீ.எஸ்.எஸ். பாரம், கார்டு பில், காடிக் கடன் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வை. பாரத்துக்கு மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது, அதுவரை எதிலும் கையெழுத்து வேண்டாம். பெரியவளையும் வீட்டில் இருக்கச் சொல். கால்குலேட்டர் என்னிடம் இருக்கிறது. உனக்குப் பிடித்த நெத்திலியும் கொண்டுவருகிறேன், சம்பலுக்கு மிளகாய் மட்டும் ஊறப்போட்டு வை.

உன் பழைய பெஞ்சுத் தோழி