எங்கள் மென்பொருளை நம்பும் நிறுவனங்களுக்கு

மென்பொருள் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கும், அங்கே கொள்முதலையும் பாதுகாப்பையும் கவனிப்பவர்களுக்கும் வணக்கம்.

போன வாரம் உங்களில் ஒரு நிறுவனம் எனக்கு ஒரு படிவம் அனுப்பியது. ஆபீஸ் வேலை முடிந்தபின் இரவில் நான் பராமரிக்கும் சிறிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி (யாரும் இலவசமாக எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பு) அவர்களுடைய பில்லிங் மென்பொருளுக்குள் இருக்கிறதாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளுக்கு அனுப்பும் அதே படிவம். 24 மணி நேரமும் அழைக்க எண் என்ன, கடைசிப் பாதுகாப்புத் தணிக்கை எப்போது, சான்றிதழை இணைக்கவும், வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவும்.

தணிக்கைக்குப் பணம் வேண்டும், நீங்கள் ஏற்பீர்களா என்று கேட்டு எழுதினேன். இலவச மென்பொருளுக்குச் செலவு செய்ய எங்கள் பட்ஜெட்டில் தலைப்பே இல்லை என்று பதில் வந்தது. கூடவே, படிவம் எப்போது வரும் என்ற நினைவூட்டலும்.

ஓப்பன் சோர்ஸ் மீது உங்கள் நம்பிக்கை வளர்ந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. 2001-இல் ஓப்பன் சோர்ஸ் இயங்குதளமான லினக்ஸைப் புற்றுநோய் என்றார் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர். அதே மைக்ரோசாஃப்ட் 2018-இல், ஓப்பன் சோர்ஸ் நிரல்கள் பகிரப்படும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு ஐபிஎம், லினக்ஸ் நிறுவனமான ரெட் ஹேட்டுக்கு 3,400 கோடி டாலர் கொடுத்தது. ஆனால் அந்தப் பணம் உங்கள் சர்வரின் அடியில் கிடக்கும் சின்னச் சின்ன லைப்ரரிகளைப் பராமரிப்பவர்களிடம் வரவில்லை. அவர்களுக்கும் ஒரு தொகை ஒதுக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

கோப்புகளைச் சுருக்கும் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளான எக்ஸ்இசட்டின் கதை உங்கள் பாதுகாப்புப் பிரிவுக்குத் தெரியும். அதைப் பல வருடம் பராமரித்த லாஸ்ஸே காலின், தன் மனநலம் சரியில்லை, இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்று 2022-இல் வெளிப்படையாகவே எழுதினார். பதிலுக்கு வந்தது, ஏன் இவ்வளவு தாமதம் என்ற நச்சரிப்பு. உதவ வந்த ஜியா டான் என்ற பெயரில் இயங்கியவர் மெல்ல நம்பிக்கை பெற்று, 2024-இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், கணினிக்குள் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்வாசல் வைத்தார். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைச் சோதித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரெஸ் ஃப்ரொயிண்ட், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாவதைக் கவனித்ததால் தப்பித்தோம். களைத்துப்போன அந்த மனிதருக்கு முன்பே கூலியும் துணையும் கிடைத்திருந்தால்? இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

வேலைக்கு ஆள் எடுக்கும்போது கிட்ஹப் பக்கத்தைக் காட்டச் சொல்கிறீர்கள். சேர்ந்த பிறகு அதே ஓப்பன் சோர்ஸ் பங்களிப்புக்கு மேலாளர் அனுமதி கிடைப்பதில்லை. இதையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

முடியாததைக் கேட்கவில்லை. 2014-இல் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெடித்தபோதுதான், அது இருந்த, இணையத் தகவலை மறையாக்கும் லைப்ரரியான ஓப்பன்எஸ்எஸ்எல்லுக்கு ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலர் நன்கொடைதான் வந்துகொண்டிருந்தது என்பது வெளியே தெரிந்தது. உடனே பெரிய நிறுவனங்கள் லினக்ஸ் ஃபவுண்டேஷன் வழியாகப் பணம் திரட்டின. இங்கே பெங்களூரில் பங்கு வர்த்தக நிறுவனமான ஜெரோதா 2024-இல் ஓப்பன் சோர்ஸ் மென்பொருளுக்கு ஆண்டுக்கு 10 லட்சம் டாலர் நிதியை அறிவித்தது. அவர்களால் பட்ஜெட்டில் தலைப்பு உண்டாக்க முடிந்திருக்கிறது.

எந்தெந்த லைப்ரரிகளைப் பயன்படுத்துகிறீர்கள் என்ற பட்டியல் தணிக்கைக்காக ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். அதை எடுங்கள். தனி ஆளோ இரண்டு பேரோ தாங்கும் லைப்ரரிகளைக் குறித்து, ஆண்டுதோறும் ஒரு தொகை ஒதுக்குங்கள். பணம் கடினமென்றால் உங்கள் பொறியாளர்களின் வேலை நேரத்தில் ஒரு பகுதியைக் கொடுங்கள். அடுத்த நிதியாண்டு பட்ஜெட் போடும் முன் இதைப் பரிசீலிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதன் பிறகு படிவம் அனுப்புங்கள், பொறுமையாக நிரப்பித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு லைப்ரரி பராமரிப்பாளர்