கானலி ஸ்டேஷனில் ரயில் ஏறும் மகளுக்கு

அம்மிணி,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. ஒரு சிலை: மீசை, கோட்டு, பின்னால் ஏரும் நட்சத்திரங்களும். "யாருப்பா இவர், தினமும் இவரைத் தாண்டித்தான் போறேன்" என்று கேட்டிருந்தாய். உங்கம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, "பாரதியார் மீசைக்கு ஈடாகுமா" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் கட்டாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். டியூட்டி இல்லாத நாளில் நிதானமாகப் படி.

அவர் ஜேம்ஸ் கானலி. டப்ளினில் நீ ரயில் ஏறும் ஸ்டேஷனுக்கு அவர் பெயரை 1966இல்தான் வைத்தார்கள். ஓ'கானல் தெருவின் ஓ'கானல் வேறு ஆள், இரண்டு தலைமுறை முந்தியவர். குழப்பிக்கொள்ளாதே.

ஊரெல்லாம் அவரைப் புரட்சிக்காரர், தொழிற்சங்கத் தலைவர் என்று சொல்லும். எனக்கு அவர் முதலில் அச்சாபீஸ்காரர். மில் தொழிலாளர் சங்கத்தின் வாரப் பத்திரிகைக்கு நான் அச்செழுத்துக் கோர்க்கும் கம்பாசிட்டராகப் போன புதிதில், எங்கள் போர்மேன் அண்ணன் அவர் கதையைச் சொல்லித்தான் எனக்கு எழுத்து அடுக்கும் ஸ்டிக்கைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். அப்புறம் சங்க அலமாரியில் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

கானலி பிறந்தது அயர்லாந்திலேயே இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், 1868இல், பிழைக்கப் போன ஐரிஷ் குடும்பத்தில். அப்பா நகராட்சிக்குக் குப்பை, சாணம் அள்ளும் வண்டிக்காரர். பத்துப் பதினோரு வயதில் பையன் ஒரு மாலைப் பத்திரிகையின் அச்சுக்கூடத்தில் எடுபிடி. மை பிடித்த ரோலரைக் கழுவ வேண்டும், கம்பாசிட்டர்களுக்குக் கடைக்குப் போய் வர வேண்டும். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தால் பையனை அச்செழுத்துப் பெட்டியான கேஸுக்குப் பின்னால் உயரமான ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்துவிடுவார்களாம், வயதுக்கு மீறிய உயரம் தெரியட்டும் என்று. ஒருநாள் குட்டு வெளிப்பட்டு வேலை போனது. எனக்கும் பதினோரு வயதில் ரோலர் கழுவித்தான் தொடக்கம். ஆனால் என்னை ஸ்டூலில் ஏற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. எங்கள் பக்கம் இன்ஸ்பெக்டரே வந்ததில்லை.

1896இல் டப்ளினுக்கு வந்தார், வாரம் ஒரு பவுண்டு சம்பளம் தருகிறோம் என்று சோஷலிஸ்டுகள் கூப்பிட்டதை நம்பி. அந்த ஒரு பவுண்டும் பல வாரம் வரவில்லை. 1898இல் பிரிட்டிஷ் தொழிலாளர் தலைவர் கெயர் ஹார்டி கடனாகக் கொடுத்த 50 பவுண்டில் 'தொழிலாளர் குடியரசு' என்று பத்திரிகை ஆரம்பித்தார். எழுதுவதும் அவரே, எழுத்துக் கோர்ப்பதும் அவரே, அச்சடித்துத் தெருவில் விற்பதும் அவரே. ஒருவர் கையாலேயே ஒரு பத்திரிகை நடந்தால் அதில் ஒரு சௌகரியம் உண்டு, அம்மிணி: வீண் வார்த்தை எழுத மாட்டார். கோர்க்கப்போவதும் தன் விரல்தானே.

பிறகு அமெரிக்கா போனார். அங்கேயும் 'தி ஹார்ப்' என்று ஒரு பத்திரிகை. மோசமான உடையோடு நியூயார்க்கில் கூட்டம் நடக்கும் மண்டப வாசல்களில் நின்று அதை விற்றதைப் பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். 1908இல் அதில் இந்தியாவில் வரப்போகும் கிளர்ச்சியைப் பற்றியும் எழுதினார். நம் பக்கத்துச் சேதி இன்னொன்றும் இருக்கிறது: பின்னாளில் ஜனாதிபதியான வி.வி. கிரி 1913 முதல் 1916 வரை டப்ளினில்தான் சட்டம் படித்தார். ஊருக்குத் திரும்பி ரயில்வே தொழிலாளர் சங்கத்தில் இறங்கினார்.

இந்த அமெரிக்கப் பயணத்தில் ஒரு சம்பவம் உண்டு. எத்தனை தடவை படித்தாலும் அந்தப் பக்கத்தில் நின்றுவிடுவேன். 1904இல் மனைவி லில்லியும் பிள்ளைகளும் அவரிடம் போய்ச் சேரக் கப்பலுக்குத் தயாரானார்கள். புறப்படுவதற்கு முந்தைய நாள் மூத்த பெண் மோனாவின் உடையில் தீப்பிடித்துவிட்டது. பதின்மூன்று வயது. அவளை அடக்கம் செய்துவிட்டு மற்றவர்கள் கப்பல் ஏறினார்கள். இவர் அங்கே காத்துக்கொண்டிருக்கிறார். கப்பல் வந்து சேர்ந்த பிறகுதான் பிள்ளைகளில் ஒன்று குறைவது தெரிந்தது. நீ முதல் தடவை டப்ளினுக்கு விமானம் ஏறின ராத்திரி எனக்கு இதுதான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. உங்கம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

கொள்கை பேசும் ஆண்களின் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நம் சங்கத்தில் யாரும் கேட்டதில்லை. லில்லியை நினைத்தால் எனக்கு அந்த மனுஷர் மேல் கோபம்தான் வரும். பெரிய ஆள்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கோபம்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். 1910இல் திரும்பி வந்தார். 1913இல் டப்ளினில் பெரிய கதவடைப்பு. டிராம் கம்பெனி முதலாளி மர்ஃபியே 'ஐரிஷ் இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கும் முதலாளி. சங்கத்தில் சேர்ந்தவர்களுக்கு வேலை இல்லை என்று பத்திரிகைக் கட்டுகளை அனுப்பும் பிரிவில்தான் முதலில் கை வைத்தார். தெருவில் பேப்பர் விற்கும் பையன்கள் அவர் பத்திரிகையைத் தொட மாட்டோம் என்றார்கள். அதற்கப்புறம் டிராம்கள் நின்றன, ஊரே நின்றது. சுமார் 20,000 பேர் மாதக்கணக்கில் வேலையில்லாமல் பட்டினி. கடைசியில் தோற்றார்கள்.

நீ கேட்டிருந்தாயே, உன் வார்டில் சங்கத்தில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா என்று. கணக்கில் வராமல் இத்தனை மணி நேரம் நிற்க வைக்கிறார்கள் என்றால் சேர். விசாவுக்கு ஏதாவது ஆகுமோ என்று அம்மா பயப்படுகிறாள். அதை உன்னோடு வேலை செய்யும் மலையாளிப் பிள்ளைகளிடம் விசாரி, அவர்கள் விவரமானவர்கள்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். உலக யுத்தம் வந்ததும் அரசாங்கம் சங்கத்துப் பத்திரிகையை முடக்கியது. கொஞ்ச நாள் கிளாஸ்கோவில் அச்சடித்துக் கடத்தி வந்தார்கள். பிறகு கானலி ஒரு பழைய சிலிண்டர் அச்சு மெஷினை வாங்கி, ஆற்றோரம் சங்கத்துக் கட்டடமான லிபர்ட்டி ஹாலிலேயே போட்டார். 1915 மே மாதம் 'தொழிலாளர் குடியரசு' மறுபடி வந்தது. அந்த மெஷினுக்குத் துப்பாக்கியோடு காவல். 1916 மார்ச்சில் கீழே கடையில் போலீஸ் நுழைந்து பத்திரிகைகளை அள்ள ஆரம்பித்தது. இவர் பின்பக்கமிருந்து கைத்துப்பாக்கியோடு வந்து, எடுத்ததைக் கீழே போடு என்றார். வாரண்டு இருக்கிறதா என்று பார்த்தால் இல்லை. போட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த மாதம் ஈஸ்டர் ஞாயிறு. மறுநாள் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து எழுச்சி. குடியரசுப் பிரகடனத்தை அந்த மெஷினில்தான் அடிக்க வேண்டும். மூன்று பேர் உட்கார்ந்தார்கள்: பிரேடி, மொலாய், ஓ'பிரையன். எழுத்து போதவில்லை. வேறொரு அச்சகத்தில் இரவல் வாங்கியும் போதவில்லை. அதனால் மேல்பாதியை மட்டும் கோர்த்து அடித்தார்கள். பிறகு எழுத்துகளைப் பிரித்துக் கேஸில் போட்டு, கீழ்ப்பாதியைக் கோர்த்து, அதே தாள்களைத் திரும்ப மெஷினில் விட்டார்கள். இங்கிலீஷ் 'ஈ' (E) எழுத்துதான் படுத்தியது. வேறு அளவு, வேறு வடிவ எழுத்துகளையெல்லாம் கலந்து வைத்தார்கள். தலைப்பில் ஒரு இடத்தில் 'எஃப்' (F) எழுத்தின் அடியில் அரக்கை ஒட்டி 'ஈ' ஆக்கினார்கள். பகலில் ஆரம்பித்த வேலை நடுராத்திரி தாண்டி முடிந்தது. ஆயிரம் பிரதி அளவில் வந்திருக்கும்.

போர்மேன் அண்ணன் இதைச் சொன்னபோது நாங்கள் எல்லாரும் சிரித்துவிட்டோம். ஏனென்றால் எங்களுக்கு 'கா', 'மா'வில் வரும் துணைக்கால் தீர்ந்துபோகும். கடைசிப் பக்கம் வரும்போது கேஸில் ஒரு கால்கூட இருக்காது. 'ர'வை எடுத்துக் காலுக்கு வைப்போம். தாளை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒழிய யாருக்கும் தெரியாது. போனஸ் கோரிக்கை நோட்டீஸ் முழுக்க 'ர' நடந்து போகும்.

எழுச்சி ஒரு வாரத்தில் அடங்கிவிட்டது. லிபர்ட்டி ஹாலைப் பீரங்கியால் அடித்தார்கள். உள்ளே புகுந்த சிப்பாய்கள் மெஷினில் கீழ்ப்பாதிக்குக் கோர்த்த எழுத்துகள் அப்படியே கிடந்ததைப் பார்த்து, ஞாபகார்த்தமாகச் சில அரைத்தாள்களை அடித்துக்கொண்டார்களாம். இப்போது அங்கே நிற்பது அறுபதுகளில் கட்டின உயரக் கட்டடம்.

கானலிக்குக் கணுக்காலில் குண்டு. டப்ளின் கோட்டையில் படுக்கையில் வைத்தே விசாரணை. மே 10ஆம் தேதி மர்ஃபியின் பத்திரிகை அவர் படத்தைப் போட்டு, முக்கியத் தலைவர்களை விட்டுவிடக் கூடாது என்று எழுதியது. 12ஆம் தேதி கில்மெய்ன்ஹாம் சிறையில் நாற்காலியில் உட்கார வைத்துச் சுட்டார்கள். முந்தைய ராத்திரி லில்லியையும் மகள் நோராவையும் பார்க்க விட்டார்கள். போர்வைக்குள் கையை விடச் சொன்னார். அங்கே மடித்த காகிதம் ஒன்று. விசாரணையில் தான் சொன்னதை எழுதி வைத்திருந்தார். நோரா அதைக் காவலுக்குத் தெரியாமல் வெளியே கொண்டுவந்தாள்.

அம்மிணி, ட்ரினிட்டி கல்லூரி நூலகத்தில் அந்தப் பிரகடனத்தின் அசல் பிரதி ஒன்று இருக்கிறது. லீவு நாளில் ஒரு நடை போய் வா. எல்லாரும் மாதிரி மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வராதே. 'ஈ' எழுத்தை மட்டும் ஒவ்வொன்றாகப் பார். எத்தனை வகை வருகிறது என்று எண்ணிக் குறித்துக்கொள். அரக்கு ஒட்டின 'ஈ' தலைப்பில் இருக்கும், மற்றதைவிடக் கொஞ்சம் கசங்கினாற்போல. போட்டோ எடுக்க விட்டால் கிட்டத்தில் எடு. போன தடவை நீ அனுப்பினதில் பாதிக்கு உன் முகம்தான் இருந்தது. அம்மாவுக்கு அது போதும், எனக்கு எழுத்து தெரிய வேண்டும்.

கம்பளிச் சட்டையை மறக்காமல் போட்டுக்கொள்.

அப்பா