பவுன்சிங் பால் பாடத்துல தப்பான மாடல் ஆன்சர், திருத்தி மார்க் போடணும்

வணக்கம் சார் / மேடம்,

நாங்க பெரம்பூர்ல இருக்கோம், என் பொண்ணு எட்டாங்கிளாஸ், உங்க ஆன்லைன் பைத்தான் புரோகிராமிங் கோர்ஸ்ல முழு ஃபீஸ் கட்டி சேர்த்திருக்கேன். பவுன்சிங் பால் பாடத்துல, அதாவது ஸ்கிரீன்ல சுவத்துல பட்டு பந்து திரும்பி வர்ற மாதிரி புரோகிராம் எழுதுற பாடத்துல, உங்க மாடல் ஆன்சரே தப்பு, ஆனா சரியா எழுதுன அவளுக்கு ஜீரோ போட்டிருக்கீங்க.

தப்பு எங்கன்னு சொல்றேன், பாடம் எழுதுனவங்ககிட்ட அப்படியே காட்டுங்க. ஸ்கிரீன் அகலம் 600, பந்தோட ஆரம் 20, அப்போ பந்தோட நடுப்புள்ளி 580 வரைக்கும்தான் போகலாம். உங்க புரோகிராம் கோடு, எக்ஸ், அதாவது நடுப்புள்ளி இடது ஓரத்துல இருந்து இருக்குற தூரம், 580-ஐ தாண்டுனா, பந்தைத் திருப்ப வேகத்தை மைனஸ் 0.9-ஆல பெருக்குது, அவ்ளோதான், வேற எதுவும் பாக்கல. பந்து 580-ல இருக்கு, வேகம் 8-னு வைங்க, அடுத்த ஃப்ரேம்ல, அதாவது ஸ்கிரீன்ல வர்ற அடுத்த படத்துல, 588, இஃப் கண்டிஷன் உண்மை, வேகம் மைனஸ் 7.2 ஆகுது, அதுக்கடுத்த ஃப்ரேம்ல 580.8, இன்னும் வெளியதான் இருக்கு, அதனால திரும்ப இஃப் உண்மையாகி, உள்ள வந்துட்டிருந்த பந்தை மறுபடி சுவத்துப் பக்கமே திருப்பி விடுது. அப்புறம் அங்கயே ஒட்டிக்கிட்டு நடுங்குது. கேரம் காயின் கட்டைல பட்டா திரும்பி வரணும்ல, இது ஏன் உள்ள போய் மாட்டிக்குதுன்னு அவளேதான் கண்டுபுடிச்சா.

அவ என்ன பண்ணான்னா, 580-ஐ தாண்டிடுச்சா, வேகம் ஜீரோவ விட பெருசா, அதாவது பந்து இன்னும் சுவத்துப் பக்கம்தான் போகுதா, ரெண்டையும் ஆண்ட் போட்டு கேட்டுட்டு, எக்ஸை 580-க்கே கொண்டு வந்து வெச்சு, அப்புறம் வேகத்தை திருப்பியிருக்கா. பந்து ஒட்டவே இல்ல. மேல் கீழ் சுவத்துக்கு நீங்க எல்இஃப் போட்டிருக்கீங்க, அது முன்னாடி இருக்குற இஃப் பொய்யானாதான் பாக்கும், மூலைல ஒரே ஃப்ரேம்ல ரெண்டு சுவத்தையும் தாண்டுனா ரெண்டாவதை அந்த ஃப்ரேம்ல பாக்கவே பாக்காது, அதையும் அவ தனி இஃப்பா மாத்தியிருக்கா.

சப்போர்ட்ல கேட்டா ப்ரவுசர் கேஷை கிளியர் பண்ணிட்டு திரும்ப சப்மிட் பண்ணுங்கன்னு பதில் வருது, கண்டிஷன் தப்புக்கும் கேஷுக்கும் என்னங்க சம்பந்தம்? மார்க்குக்காக அவ தன்னோட கோடை அழிச்சிட்டு உங்களோடத அப்படியே டைப் பண்ண ஆரம்பிச்சிட்டா, அதைத்தான் என்னால தாங்க முடியல. யோசிச்சு எழுதுன புள்ளைய இப்படியா பழக்குறது?

மாடல் ஆன்சரை திருத்துங்க, இதே பாடத்துல ஜீரோ வாங்குன மத்த பசங்க கோடையும் ஒரு ஆள் உக்காந்து ஓட்டிப் பாக்கட்டும், என் பொண்ணு மார்க்கை போட்டுட்டு அவளுக்கே மெயில் அனுப்புங்க. முடியாதுன்னா இந்த மாட்யூலுக்கான ஃபீஸை திருப்பிக் குடுங்க. ரெண்டு கோடையும், பந்து ஒட்டிக்குற வீடியோவையும் இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியோட அம்மா, பெரம்பூர், சென்னை