வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்களா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் அறுவைக்குப் பிறகு நீ மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டாய் என்று படித்ததும் மனம் நிறைந்தது. பேத்தி சட்டக் கல்லூரியில் சேர்ந்தது அதைவிட நல்ல செய்தி. இங்கே எல்லோரும் நலம். கண்ணில் புரை எடுத்த பிறகு எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நீ கடைசிப் பக்கத்து ஓரத்தில் எழுதியிருந்த கேள்வி ஒரு வாரமாக என்னை விடவில்லை. போர்க்காலத்தில் பிரதமரைக் கேள்வி கேட்பது நாட்டுக்குச் செய்யும் துரோகம் ஆகாதா என்று உன் பேத்தியின் வகுப்பில் விவாதம் நடந்ததாம். நீ என்ன பதில் சொன்னாய் என்று எழுதவில்லை. என் பதிலைச் சொல்லிவிடுகிறேன். கேட்கலாம், கேட்டே ஆக வேண்டும். ஆனால் நம் நாட்டில் போரின் நடுவே கேட்கப்பட்ட கேள்விகள் உண்டு; போர் முடிந்த மறுநாள் கேட்டிருக்க வேண்டிய ஒரு கேள்வியைத்தான் யாரும் விடாப்பிடியாகக் கேட்கவில்லை. போருக்காக எங்களிடம் வாங்கிய உரிமைகளை எப்போது திருப்பித் தருவீர்கள் என்ற கேள்வி அது.

1962-ஐ எடுத்துக்கொள். அக்டோபர் 20 அன்று சீனப் படை தாக்கியது. 26 அன்று நெருக்கடி நிலைப் பிரகடனம் வந்தது. எல்லையில் சண்டை ஓயாதபோதே, நவம்பர் 8 அன்று நாடாளுமன்றம் கூடியது. ரகசியக் கூட்டமாக வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு யோசனை வந்தபோது நேரு அதை ஏற்கவில்லை. பத்திரிகையாளர்கள் பார்த்திருக்க, நாடு கேட்டிருக்க, வசை வாங்கிக்கொண்டு அவையில் உட்கார்ந்திருந்தார். பாதுகாப்பு அமைச்சர் கிருஷ்ண மேனன் பதவி விலக நேர்ந்தது. அடுத்த ஆகஸ்டில் எதிர்வரிசையில் இருந்த கிருபளானி கொண்டுவந்ததுதான் சுதந்திர இந்தியாவின் முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானம். ஆதரவாக 62, எதிராக 347. தீர்மானம் தோற்றது, ஆனாலும் தோல்வியின் கணக்கை ஒரு பிரதமர் அவையில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. இதைப் பேத்தியிடம் முதலில் சொல். போரின் நடுவே கேள்வி கேட்டதால் அன்று நாடு உடைந்துவிடவில்லை.

அதே நேருவின் இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல். நவம்பர் 21 அன்று சீனா தானாகவே போர் நிறுத்தம் அறிவித்தது. நெருக்கடி நிலை எப்போது விலக்கப்பட்டது தெரியுமா? 1968 ஜனவரி 10. ஒரு மாதச் சண்டைக்கு ஐந்து ஆண்டுக்கும் மேற்பட்ட நெருக்கடி நிலை. நேரு போய், சாஸ்திரி வந்து போய், இந்திரா வந்த பிறகும் அது நடப்பில் இருந்தது. சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேரை ராஜஸ்தானில் தேவ்லி முகாமில் அடைத்தார்கள். அவர்களில் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். சண்டை முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். தோல்விக்கான காரணங்களை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை எந்த அரசும் முழுமையாக வெளியிடவில்லை.

என் பெரியப்பாவை உனக்கு நினைவிருக்கும். சைக்கிள் மணியை அடிக்காமல் தொண்டையைக் கனைத்துக்கொண்டே தெருவுக்குள் வருவாரே, அவர்தான். 1965 பிப்ரவரி, இந்தி எதிர்ப்புப் போராட்டம் உச்சத்தில் இருந்த நேரம். எனக்குப் பத்து வயது. விடியற்காலையில் இரண்டு காவலர்கள் வந்து திண்ணையில் உட்கார்ந்தார்கள். பெரியம்மா அவர்களுக்கும் சேர்த்துக் காப்பி போட்டார். பெரியப்பா கையில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். அச்சடித்த படிவம். பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகிய மூன்று இடங்களை மட்டும் மையால் நிரப்பியிருந்தார்கள். தலைப்பில் இந்தியப் பாதுகாப்பு விதிகள், 1962 என்று இருந்தது. பெரியப்பா அந்த ஆண்டைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, “சீனாவுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்டார். வந்தவர்களில் வயதானவர், “எங்களுக்கு மட்டும் தெரியுமா ஐயா, சட்டையைப் போட்டுக்கொள்ளுங்கள்” என்றார். ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். என்ன குற்றம் என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

அவர் ஒருவர் மட்டும் இல்லை. அதே மாதம் கலைஞரைப் பாளையங்கோட்டைச் சிறையில் தனிமையில் வைத்ததும் இந்தச் சட்டத்தின் பேரில்தான். இதில் நெஞ்சை அறுப்பது என்னவென்றால், சீனப் படையெடுப்பு வந்ததும் திராவிட நாடு கோரிக்கையை ஒதுக்கிவைத்துவிட்டுப் போருக்கு ஆதரவாக நின்றவர் அண்ணா. பெரியப்பாவும் ஊர் ஊராகப் போய்ப் பாதுகாப்பு நிதி திரட்டியவர். எந்தப் போருக்காக உண்டியல் ஏந்தினாரோ அந்தப் போரின் சட்டமே இரண்டு ஆண்டு கழித்து, மொழிக்காகப் பேசிய அவரைத் தேடி வீட்டுக்கு வந்தது.

பேத்தி சட்டம் படிக்கிறாள் என்பதால் ஒரு வழக்கைக் குறித்துக்கொள்ளச் சொல். 1965 ஆகஸ்டில் சோஷலிஸ்ட் தலைவர் ராம் மனோகர் லோகியாவைப் பாட்னாவில் நள்ளிரவில் கைது செய்தார்கள். அவர் அப்போது மக்களவை உறுப்பினர். அதே பாதுகாப்பு விதிகள்தான். விசாரணை இல்லாமல் தடுப்புக் காவலில் வைப்பதற்கு அந்த விதி சொன்ன காரணம் ‘பொது ஒழுங்கு’. மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவில் எழுதியதோ ‘சட்டம் ஒழுங்கு’. இரண்டும் ஒன்றுதானே என்று நீயும் நானும் நினைப்போம். உச்ச நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை. ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டங்களைக் கற்பனை செய்யுங்கள் என்றார் நீதிபதி இதாயத்துல்லா. பெரிய வட்டம் சட்டம் ஒழுங்கு, அதனுள்ளே பொது ஒழுங்கு, அதற்கும் உள்ளே நாட்டின் பாதுகாப்பு. பெரிய வட்டத்தைத் தொடும் எல்லாமே உள்வட்டத்தைத் தொட்டுவிடாது. விதிக்கு உட்படாத காவலை நெருக்கடி நிலையும் காப்பாற்றாது என்று சொல்லி லோகியாவை விடுவித்தார்கள். தீர்ப்பின் தேதியைப் பார். 1965 செப்டம்பர் 7. நம் படை லாகூரை நோக்கி எல்லையைக் கடந்தது அதற்கு முந்தைய நாள். போர் மூண்ட மறுநாளே, அரசை எதிர்த்த ஒருவரை உத்தரவில் இருந்த ஒரு சொல்லுக்காக வெளியே விட்டது ஒரு நீதிமன்றம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பதினோரு ஆண்டு கழித்து அதே நீதிமன்றம் நம்மைக் கைவிட்டது.

1971 போரை இந்திரா காந்தி நடத்திய விதத்தில் நான் குறை காணவில்லை. டிசம்பர் 3 அன்று நெருக்கடி நிலை அறிவித்தார். 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பதின்மூன்று நாள். நம் பள்ளியில் இனிப்பு கொடுத்தார்கள், நினைவிருக்கிறதா? அன்றைக்கே யாராவது கேட்டிருக்க வேண்டாமா, போர் முடிந்துவிட்டதே, பிரகடனத்தை எப்போது விலக்கப்போகிறீர்கள் என்று? வெற்றி பெற்ற தலைவரிடம் கணக்குக் கேட்க நாக்கு எழவில்லை. 1975 ஜூன் 25 இரவில் ‘உள்நாட்டுக் குழப்பம்’ என்று இரண்டாவது நெருக்கடி நிலையை அறிவித்தபோது, முதலாவது நெருக்கடி நிலை மூன்றரை ஆண்டாக அப்படியே உயிரோடுதான் இருந்தது. ஜூன் 25-ஐ எல்லோரும் பேசுகிறார்கள். நான் டிசம்பர் 17-ஐப் பற்றிப் பேசச் சொல்கிறேன். அன்றே கேட்டுப் பழகியிருந்தால், அமைச்சரவைக்குக்கூடச் சொல்லாமல் இரவோடு இரவாகக் குடியரசுத் தலைவரிடம் கையெழுத்து வாங்கிவிட்டு, விடிந்த பிறகு அமைச்சர்களைக் கூப்பிட்டுத் தெரிவிக்கும் துணிவு வந்திருக்குமா என்பது என் சந்தேகம்.

பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதை. 1976 ஏப்ரல் 28 அன்று, மிசா என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிபட்டவர், தன்னை நீதிமன்றத்தில் நிறுத்தக் கோரும் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். விசாரணையின்போது எச். ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரைக் கேட்டார்: ஒரு காவலர் சொந்தப் பகைக்காக ஒருவரைக் கொன்றால் அப்போதும் பரிகாரம் கிடையாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை கிடையாது என்று பதில் வந்தது. மாறுபட்ட தீர்ப்பு எழுதிய ஒரே நீதிபதி கன்னா. அதற்கு விலையாகத் தலைமை நீதிபதி பதவியை இழந்தார்.

நீ செய்த ஒரு காரியத்தையும் பேத்தியிடம் சொல்லியிருக்கிறாயா? 1976 பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. யார் யார் கைதானார்கள் என்று எழுதத் தணிக்கை விடாது. முரசொலியில், அண்ணா நினைவிடத்துக்கு மலர் வைக்க வர இயலாதவர்கள் என்று மாவட்டவாரியாகப் பெயர்ப் பட்டியல் வந்திருந்தது. நீதான் அந்த இதழைத் தேநீர்க் கடையிலிருந்து சட்டைக்குள் செருகிக்கொண்டு விடுதிக்கு ஓடிவந்தாய். கட்டிலில் விரித்து, பெயர்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தோம். உன் மாமா பெயரைக் கண்டதும் நீ படிப்பதை நிறுத்திவிட்டாய். மிச்சத்தை நான்தான் படித்தேன்.

அடுத்த ஆண்டு நாம் முதல் முறையாக வாக்களித்தோம். வட இந்தியா இந்திராவைத் தூக்கி எறிந்தது. தமிழ்நாட்டில் அவர் கட்சி இடம்பெற்ற கூட்டணி 39-இல் 34 இடம் வென்றது. நீ எவ்வளவு கொதித்தாய்! அன்றிலிருந்து எனக்கு ஒன்று புரிந்தது. வாக்குச்சீட்டு ஆட்சியை மாற்றும், மாற்றாமலும் விடும். நடந்தது என்ன என்று எழுதி வைக்காது. அதற்கு வேறு ஆள் வேண்டும். நெருக்கடி நிலைக் கால அத்துமீறல்களை விசாரித்த நீதிபதி ஷா கமிஷன் அந்த வேலையைச் செய்தது. மிசாவில் 34,988 பேர், பாதுகாப்பு விதிகளில் 75,818 பேர் என்று எண்ணி எழுதியது. இந்திரா நேரில் வந்தார், ஆனால் உறுதிமொழி எடுத்துச் சாட்சி சொல்ல மறுத்தார். 1977 அக்டோபரில் அவரைக் கைது செய்து, மறுநாளே ஆதாரம் போதாது என்று விடுவிக்க வேண்டியதாயிற்று. அவசரமும் ஆத்திரமும் கலந்த அந்தக் கைது, கமிஷன் பொறுமையாகச் சேர்த்த கணக்கைப் பழிவாங்கல் போலக் காட்டிவிட்டது. அப்போது ஆட்சிக்கு வந்திருந்த ஜனதா கட்சி செய்த பெரும்பிழை அது என்றே இன்றும் சொல்வேன். 1980-இல் அவர் திரும்பி வந்தார், வழக்குகள் கரைந்தன, அறிக்கையும் கண்ணில் படாமல் போயிற்று. அதைத் தன்னிடம் இருந்த பிரதியைக் கொண்டு 2010-இல், 87 வயதில், மறுபடி அச்சேற்றியவர் முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரான நம் இரா. செழியன். முப்பது ஆண்டாக அலமாரியில் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்த அந்த மனிதரை நினைத்துக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பலன் எதுவும் இல்லையா என்று பேத்தி கேட்பாள். உண்டு. அரசியலமைப்பின் 44-ஆவது திருத்தத்தைப் படிக்கச் சொல். இனி அமைச்சரவை எழுத்தில் தராமல் குடியரசுத் தலைவர் பிரகடனம் செய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை நாடாளுமன்றம் மறுபடி ஒப்புதல் தர வேண்டும். மக்களவையில் பத்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் எழுதிக் கேட்டால், விலக்குவது பற்றிப் பேசத் தனிக் கூட்டம் கூட்டியாக வேண்டும். உயிர் வாழும் உரிமைக்காக நீதிமன்றம் போவதைப் போர்க்காலத்திலும் தடுக்க முடியாது. அன்று டிசம்பர் 17-இல் கேட்கப்படாத கேள்விக்கு இப்போது தேதி குறித்தாகிவிட்டது.

ஆனால் அதே திருத்தத்தில் தடுப்புக் காவலைக் கட்டுப்படுத்தும் பிரிவு ஒன்று இருக்கிறது. நாடாளுமன்றம் நிறைவேற்றிவிட்டது, அமலுக்கு வரும் நாளை அரசு அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. ஜனதா அறிவிக்கவில்லை, காங்கிரஸ் அறிவிக்கவில்லை, அதன் பிறகு வந்த யாரும் இன்றுவரை அறிவிக்கவில்லை. சிறையில் இருந்துவிட்டு வந்து பிரதமர் ஆனவர்களும் அந்தத் தேதியைக் குறிக்கவில்லை. அவள் வகுப்பில் அடுத்த விவாதத்துக்கு இதை எடுத்துக்கொண்டு போகட்டும்.

பெரியப்பாவின் உத்தரவு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். மூலத்தை அவள் விடுமுறைக்கு வரும்போது காட்டுகிறேன். மடிப்பு இரண்டு இடத்தில் விட்டுப்போய்விட்டது, தபாலில் அனுப்ப மனம் வரவில்லை. ஆண்டு அச்சாகியிருக்கும் இடத்தில் ஒரு மங்கல் தெரியும். அது நகலின் குறை என்று அவள் நினைத்துவிட வேண்டாம், பெரியப்பாவின் கட்டைவிரல் பட்ட இடம்.

முழங்காலைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அன்பு நண்பன்